டிராகன் ஒருமுறைதான் நெருப்பு ஊதும்

இன்று பொம்மைப் போரில் முதல் தடவையாக வென்றேன்.

ஞாயிறுதோறும் ரஹீம் நானாவின் படகுக் கொட்டிலில் விளையாடுவோம். அவருடையது பழைய சாமான் கடையில் எடுத்த, சிறகொடிந்த ஈய டிராகன். என் பூதப்படை முழுவதும் வலையில் கட்டும் ஈயக்குண்டுகள். மிஞ்சிய படகுப் பெயின்டில் முகம் வரைந்திருக்கிறேன்.

விதிகளை நானாவின் மகள் தமிழில் ஒரு கொப்பியில் எழுதித் தந்திருக்கிறாள். நானாதான் வாசிப்பார். நானாதான் வெல்வார்.

இன்றும் டிராகன் இரண்டு தரம் நெருப்பு ஊதியது. என் படையில் பாதி போய்விட்டது. நானா தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் கொப்பியைத் திறந்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"நானா, டிராகன் ஒரு ஆட்டத்தில ஒருக்காத்தான் நெருப்பு ஊதலாம் எண்டு கிடக்கு."

"ஆரு சொன்னது?"

"நான்தான் வாசிச்சனான்."

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ஆரு தம்பி எழுத்துப் படிக்கச் சொன்னது?"

"நீங்கள்தானே நானா, எழுத்து வகுப்புக்குப் போ, போ எண்டு கலைச்சனீங்கள்!"

இரண்டாம் நெருப்பில் எரிந்த ஆறு பூதங்களும் எழுந்து வந்தன. டிராகன் விழுந்தது.

வீட்டுக்குக் கொப்பியை வாங்கி வந்து மிச்சத்தையும் வாசித்தேன். ஆட்டக்களத்தின் நடுவே கீறியிருக்கும் ஆற்றைப் பூதங்கள் கடக்க ஏலாதாம். என்னுடையவை எப்போதும் கடக்கின்றன. நானா கொப்பியில் தன் டிராகனைப் பற்றிய பக்கத்தைத் தாண்டி வாசித்ததில்லை போலும்.

சொல்லவா, விடவா?