ஆமைப் பக்கம் திருகிய குமிழ்

போன வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள எங்கள் ஊர் தோணிரேவில் நடந்தது இது. என் கணவர் ஏரியில் இறங்கிக் கையால் நண்டு பிடிப்பார். அதைப் பழவேற்காட்டு வியாபாரியிடம் சேர்ப்பது என் வேலை. நண்டு உயிரோடு இருக்க வேண்டும், கொடுக்கு இரண்டும் முழுசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்.

சென்னையில் இருக்கும் என் தம்பி தன் பழைய மலை சைக்கிளை எனக்குக் கொடுத்திருந்தான். மருந்துக்குக்கூட மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்! பின்னால் கேரியர் கிடையாது. அதனால் ஹேண்டில்பாருக்கு முன்னால் தட்டு வைத்து நண்டுப் பெட்டியைக் கட்டினேன். பாரம் தாங்காமல், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க் பள்ளத்துக்குப் பள்ளம் முழுக்க அமுங்கி டங்கென்று அடி தட்டியது. பொன்னேரி மெக்கானிக் ஃபோர்க்கின் மேல் மூடியைத் திறந்து உள்ளே விறைப்பான ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். அடி தட்டுவது நின்றது, வேறு கூத்து ஆரம்பித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அமுங்கிய ஃபோர்க் சடாரென்று எகிறிப் பெட்டியைத் தூக்கிப் போட்டது. முன்பைவிட அதிகமாகக் கொடுக்குகள் உடைந்தன.

"இன்னாக்கா, தெனமும் இதே கதையா? நாளைக்கும் இப்டினா வேற ஆளப் பாத்துக்க" என்று வியாபாரி சொல்லிவிட்டார். எங்கள் பிழைப்பே அவரை நம்பித்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வழி நெடுக அந்த மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடலாம் என்று வீட்டு வாசலில் சைக்கிளைக் கவிழ்த்தேன். ஃபோர்க்கின் அடியில் பழைய டியூப் ரப்பர் இறுக்கிச் சுற்றியிருந்தது. உப்புக் காற்றில் துரு ஏறாமலிருக்க, சைக்கிள் வந்த அன்றே என்ன ஏதென்று பார்க்காமல் நானே சுற்றியதுதான். எங்கள் பக்கம் எந்த இரும்பையும் இப்படி எதையாவது சுற்றித்தான் வைப்போம். அதைப் பிரித்தால் உள்ளே சிவப்பாக ஒரு குமிழ். ஒரு பக்கம் முயல் படம், மறு பக்கம் ஆமை.

சைக்கிளை நிமிர்த்தி ஃபோர்க்கை அமுக்கி விட்டேன், துள்ளியது. ஆமைப் பக்கம் திருகி அமுக்கினேன், மெதுவாக எழுந்தது. அட! அமுங்கினது திரும்பி எழும் வேகத்தை அடக்கத்தான் இந்தக் குமிழ். மெத்தென்ற ஸ்பிரிங்குக்குச் சரியாக இருந்த வேகம் விறைப்பான ஸ்பிரிங்குக்கு எப்படிப் பொருந்தும்?

நண்டின் பாரத்துக்குப் பதிலாகப் பெட்டியில் ஈர மணல் நிரப்பி ஓட்டிப் பார்த்தேன். "இன்னா மே, மணலுக்கு ஊர்வலமா?" என்று கணவர் சிரித்தார். குமிழை ஆமைப் பக்கம் முழுக்கத் திருகியிருந்ததால், அடுத்தடுத்த பள்ளங்களில் ஃபோர்க் எழ நேரமில்லாமல் அமுங்கியே கிடந்தது, மறுபடி அடி தட்டியது. முயல் பக்கம் இரண்டு சொடுக்கு திருப்பினேன். வேகத்தடையில் ஏறி இறங்கியது, பெட்டி அசையவே இல்லை. நடுத்தெருவில் நான் போட்ட கூச்சலுக்கு நாய்கள் குரைத்தன.

மறுநாள் வியாபாரி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நண்டாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு கொடுக்குகூட உடையவில்லை. "இன்னாக்கா, தூக்கிக்கினே வந்தியா?" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகப் பொன்னேரி போய் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரப்பரப் பிரிச்சிருந்தா அன்னிக்கே திருகிக் குடுத்திருப்பேனேம்மா" என்றார் அவர்.

ஊரையே திட்டித் தீர்த்தேன், ஆனால் வழியைச் சுற்றி மூடி வைத்திருந்தது என் கைதான். இன்றும் யாரையாவது திட்ட வாய் திறந்தால், நான் சுற்றிய ரப்பர் எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.