விதிக்க உத்தேசம்

முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். அப்படியிருந்தும் ஒரு வினைச்சொல்லை முழுதாகப் படிக்காமல் விட்டேன்.

திண்டிவனத்தில் எங்கள் எதிர்வீட்டு அம்மாள் முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றுவந்தார். கணவர் இல்லை. படிப்பும் இல்லை. ஒரு நாள் காலை, நகராட்சி அலுவலகத்திலிருந்து வந்த தாளை என்னிடம் கொண்டுவந்தார்.

"இன்னா போட்டிருக்குது சார்?"

நான் விழுப்புரம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நின்றபடியே பார்த்தேன். 'வணிகப் பயன்பாட்டுக்கான சொத்துவரி விதிக்க' என்று ஒரு வரி முடிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"வீட்டுக்குக் கடை வரி போட்டுட்டாங்கம்மா."

"போட்டுட்டாங்களா, போடப் போறாங்களா சார்?"

"போட்டாச்சு. விதிக்கிறதுன்னா அதான். இனிமே ஒண்ணும் கேக்க முடியாது."

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

சில மாதம் கழித்து இன்னொரு தாள் வந்தது. இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தேன். பழைய தாளின் அடுத்த வரியில், 'உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்' என்று இருந்தது. அதற்கான கெடு எப்போதோ முடிந்திருந்தது. புதிய தாளில்தான் 'விதிக்கப்பட்டது'.

அவரிடம் சொன்னேன். "அன்னிக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டிருக்கும் உங்களுக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நகராட்சி அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். "அப்பவே மனு குடுத்திருந்தா நேர்ல வந்து பார்த்திருப்போம் சார். இப்ப கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே" என்றார் எழுத்தர். திங்கட்கிழமை விழுப்புரம் போய் கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். தவறு என்னுடையது என்று அதில் எழுதியிருந்தேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார்.

"உத்தேசம்னா, செய்யலாம்னு நெனச்சிக்கினு இருக்காங்கன்னுதானே சார்?"

"ஆமாம்மா."

"அப்ப கேட்டிருந்தா மனசு மாறியிருப்பாங்களோ என்னவோ."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனுவுக்கு, கெடு முடிந்துவிட்டதாகத் திண்டிவனத்திலிருந்தே பதில் வந்தது. வரியைக் கட்டி மாவு விற்பது கட்டுப்படியாகாது என்று, கிரைண்டரை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு விற்றுவிட்டார். இப்போது அங்கேயே மாவு அரைக்க வேலைக்குப் போகிறார். காலையில் எதிரே பார்த்தால், "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.