காலிக் கட்டத்துக்கு ஒரு காரணம்

மலேசியாவின் பத்து பகாட் நகரில் துணிக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்றில் கணினி நிரல் எழுதுபவர் திருச்செல்வம். பதினாறு வருடமாக ஒரே பொருள்நோக்கு நிரல்மொழியில்தான் பிழைப்பு. அந்த மொழி அவருக்குச் சோறு போட்டது. ஒருமுறை மானத்தையும் வாங்கியது.

சாயத்தொட்டியின் வெப்பமானி பழுதானால் நிரலுக்கு எண் எதுவும் வராது. வராத எண்ணை அந்த மொழி சத்தமில்லாமல் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். தொட்டி குளிர்ந்துவிட்டதென்று நிரல் சூட்டை ஏற்ற, நாற்பது சுருள் துணி வெந்து பாழாயிற்று. எண் வந்ததா என்று பார்க்க எத்தனை இடத்தில் காவல் வைத்து எழுதினாலும் எங்கோ ஓர் இடம் தப்பிவிடும். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. நிரலில் ஒரு பொருளுக்கு மதிப்பு வரவேண்டிய கட்டம் காலியாக இருந்தால், ஏன் காலி என்று சொல்லாமல் நிரல் ஓடவே கூடாது. இதை மொழியிலேயே சேர்த்துவிட வேண்டும்.

மொழியை வளர்ப்பவர்களின் இணைய மன்றத்தில் இந்த யோசனையை எழுதினார். முதல் முறை, உதாரணம் போதாது என்று மூடிவிட்டார்கள். இரண்டாம் முறை யாரும் எட்டிப் பார்க்காமலே மூடிப்போனது. மூன்றாம் முறை, மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரே வந்து கேட்டார்: "பழைய நிரல்கள் ஓடாமல் போய்விடாதா?"

ஓடும். புது விதி இனி எழுதும் நிரல்களுக்கு மட்டும்தான் என்று திருச்செல்வத்துக்குத் தெரியும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

"பதில் போட்டாச்சா?" மனைவி ஷர்மினி தினமும் கேட்டாள்.

"அவரு எவ்ளோ பெரிய ஆளு. உடனே சொன்னா எதிர்த்துப் பேசுற மாதிரி இருக்கும்லா. முழுசா சோதிச்சுப் பாத்துட்டு எழுதுறேன்."

"அலமாக்! பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்க."

ஆலையின் பழைய நிரல்கள் அத்தனையையும் ஓட்டிப் பார்த்துப் பதினொரு பக்கம் எழுதி முடிக்க ஐந்து வாரமாயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மன்றத்தைத் திறந்தார். முப்பது நாள் பதில் இல்லாததால் அவருடைய யோசனை தானாக மூடப்பட்டிருந்தது. அடியில் ஒரு விதி: மூன்று முறை மூடியதை மறுபடி எடுத்துக்கொள்வதில்லை.

ஷர்மினி இந்த முறை கேலி செய்யவில்லை. "அவருக்குத் தனியா ஒரு மெயில் போட்டுப் பாருங்களேன்."

"போட்டேன். மன்றத்துலேருந்து விலகிட்டாராம். தானா ஒரு பதில் வருது."

மறுநாள் ஒரு தாளில் தடித்த பேனாவால் மலாய் மொழியில் எழுதினார்: திரையில் பூஜ்ஜியம் வந்தால் நம்பாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். தொட்டியின் மேல் அதை ஒட்டிவிட்டு வந்தார். ஆவியில் பசை நிற்கவில்லை. மாலைக்குள் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது.