வெள்ளிக்கிழமை பத்தரை மணி

கடலூரில் ஒரு பெரிய கம்பெனியின் சாஃப்ட்வேர் பிரிவில் எனக்கு வேலை. புரோகிராமில் எதையாவது மாற்றினால் யார் சரிபார்க்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், எந்த நேரத்தில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று விதிமுறை எழுதுவது. நேரத்தை மட்டும் சென்னைத் தலைமை அலுவலகம் முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள். சுத்தமான ராகு காலம்!

பராமரிப்பு வேலை பார்த்த கம்மாபுரத்துத் தம்பி பன்னிரண்டு தாண்டித்தான் ஏற்றுகிற பட்டனை அமுக்குவார். சிதம்பரம் கீழ வீதியில் எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் வாசலைத் தாண்டவே யோசிப்போம். நான் என்னத்தைக் கேட்பது? ஆனால் தணிக்கைக்கு வந்தவர் பிடித்துவிட்டார். அடுத்த வெள்ளி நேரில் உட்கார்ந்து பார்ப்பேன், அப்போதும் விதிப்படி நடக்காவிட்டால் இந்த வேலையைச் சென்னைக்கே மாற்றச் சொல்லிவிடுவேன் என்றார். மாற்றினால் தம்பிக்கு வேலை போய்விடும். மனைவி நிறைமாதம், ஊரை விட்டுக் கிளம்பவும் வழியில்லை.

அந்த வெள்ளி பஸ் ஏறியதிலிருந்தே எனக்கு அதே நினைப்பு. தம்பி வராமலே இருந்துவிட்டால்? புதுச்சத்திரம் வருவதற்குள் போன் செய்துவிட்டேன். ஆபீசுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார், குரல்தான் சரியில்லை.

பத்தரைக்குத் தணிக்கைக்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றும் ஆகிவிட்டது. நானே அமுக்கலாமென்றால், ஒப்புதல் தருவது நான்தான், ஒப்புதல் தருபவர் அதில் கை வைக்கக் கூடாது என்றும் எழுதித் தொலைத்திருந்தேன். தம்பியைத் தனியே கூப்பிட்டேன்.

"அவ இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா, அக்கா. இந்த நேரத்துல எங் கை போவல."

"வேல போச்சுன்னா புள்ளைய எப்டிப்பா வளப்ப?" என்றேன். கேட்டதும் எனக்கே என் மேல் வெறுப்பாகிவிட்டது.

போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். ஒழுங்காக ஏறியது. தணிக்கைக்காரர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தம்பிக்கு வீட்டிலிருந்து போன், மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்களாம். கிளம்பும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். சாயங்காலம் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று செய்தி வந்தபின் ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, நேரத்தைப் பன்னிரண்டுக்கு மேல் மாற்றச் சொல்லிச் சென்னைக்கு எழுதினேன். சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டரை யாரும் தொடுவதில்லை என்று காரணம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் அனுமதி வந்தது. பின்னாலேயே அங்கிருக்கும் மேலாளரின் போன்.

"நல்லவேளை கேட்டீங்கம்மா. நாங்களும் இங்க பன்னெண்டு தாண்டித்தான் ஏத்திட்டிருக்கோம்."