யாரோ எழுதிய முடிவு

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கைப் பெருவிரலால் போனில் கதை எழுதுவார். போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் நாங்கள் இருவரும் பில் போடும் வேலையில் இருந்தோம். அக்கா என்னைவிடச் சில வயது மூத்தவர். காமயகவுண்டன்பட்டியில் பிறந்து போடியில் வாழ்க்கைப்பட்டவர். புனைபெயரில் எழுதியதால் கடையில் என்னைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

எதில் எழுதுவது என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் யோசித்தோம். சொந்தமாக ஒரு பக்கம் தொடங்கலாம், ஆனால் அங்கே ஆள் வராது. ஒரு தளம் போட்டி வைத்துச் சான்றிதழ் மட்டும் கொடுத்தது. இன்னொரு செயலியில் வாசகர்கள் பணம் கட்டித்தான் அடுத்தடுத்த அத்தியாயங்களைத் திறக்க முடியும். அதில் எழுதுபவருக்கும் ஒரு பங்கு உண்டு. ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதுவது வீட்டுச் செலவுக்காவது ஆகட்டுமே என்று அக்கா அதையே தேர்ந்தெடுத்தார். நீளமான விதிமுறைகளுக்குக் கீழே ‘சம்மதம்’ என்றிருந்த இடத்தைத் தொட்டார். அதை முழுதாகப் படித்துவிட்டுத் தொடுபவர் யார்?

திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி அவர் எழுதிய முதல் கதையை ஒருவரும் சீண்டவில்லை. ஒருநாள் அந்தச் செயலியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். தேன் சொட்டும் குரல். கதாநாயகன் பணக்காரனாக, கோபக்காரனாக இருக்க வேண்டும், வலுக்கட்டாயமாகத் தாலி கட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “அடிக்கிற ஹீரோதான் மேடம் ஓடுது” என்றார். போனை வைத்த அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார்.

மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார்: “அடிக்கிறவனத்தான வேணுங்கறாக? எழுதுறேன். நான் கண்ணால பாத்தவனையே எழுதுறேன்.”

அவருடைய தங்கையை ஓடைப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் அறைந்ததில் ஒரு காது மந்தமாகி, மகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கே வந்துவிட்டவள். அவளிடம் கேட்டுத்தான் அக்கா எழுதத் தொடங்கினார். பேரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் நடந்தது நடந்தபடி எழுதச் சொல்லியிருந்தாள் தங்கை.

கூட்டம் குவிந்தது. ஆனால் அந்தக் கூட்டம் எழுதிய கருத்துகள் வேறு மாதிரி இருந்தன. அவன் அவளைச் சுவரில் மோதிய அத்தியாயத்துக்குக் கீழே, ‘இவ்வளவு கோபத்துக்குள் எவ்வளவு காதல்!’ என்று ஒருத்தி உருகியிருந்தாள். அவனுக்கு என்ன மனக்காயமோ என்று இன்னொருத்தி வருந்தினாள். காது மந்தமாகிப்போனவளுக்காக வருந்த அங்கே ஆளில்லை. கடைசி அத்தியாயத்தைப் படித்தால் புரிந்துகொள்வார்கள் என்று அக்கா நம்பினார். வந்த பணத்தைத் தங்கை மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்தார்.

கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் குழந்தையோடு பஸ் ஏறிப் போய்விடுகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித்தான் அக்கா எழுதி அனுப்பினார். மறுநாள் காலை செயலியில் வந்தது வேறு. அவன் மல்லிகைப் பூவோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வருகிறான். அவள் இறங்கி வந்து அவன் கண்ணீரைத் துடைக்கிறாள். அதற்குக் கீழே அக்காவின் புனைபெயர்.

அக்கா உடனே அந்த அலுவலகத்தை அழைத்தார். பக்கத்திலிருந்த எனக்கும் அந்தக் குரல் கேட்டது. பிரிகிற முடிவை வாசகர்கள் ஏற்க மாட்டார்கள், திருத்தும் உரிமை விதிமுறையிலேயே தங்களுக்கு உண்டு என்றது. பிறகு ஆறுதல்போல, “கவலைப்படாதீங்க மேடம், பேமென்ட் உங்களுக்குத்தான் வரும்” என்றது. சாக்கடையில் கை விட்டதுபோல இருந்தது எனக்கு.

அதோடு முடியவில்லை. அந்தத் தொடரைத் தங்கையின் நாத்தனாரும் படித்திருந்தாள். எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கும்போது, யாருடைய கதை, யார் எழுதியது என்பது அவளுக்கு விளங்காமல் இருக்குமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தம்பியைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வருவதாகச் சொல்லியனுப்பினாள். எழுதி அனுப்பிய அத்தியாயத்தை முன்பே படித்திருந்தவள் நான் என்பதால் அக்கா என்னையும் காமயகவுண்டன்பட்டித் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

நாத்தனார் போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பஸ் காட்சியைப் படித்தாள். அடுப்படியில் நின்ற தங்கையைப் பார்த்து, “ஒங்க அக்காவே எழுதியிருக்காக, எறங்கி வந்துட்டான்னு. பொறகென்ன?” என்றாள்.

“அது நான் எழுதுனதில்ல” என்றார் அக்கா.

“நீங்க வச்சுக்கிட்ட பேருதான போட்டிருக்கு?”

அக்கா என்னைப் பார்த்தார். அக்கா எழுதியது வேறு, அதை நான் படித்திருக்கிறேன் என்றேன். நாத்தனார் காதில் வாங்கவே இல்லை. அந்த ஆள் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் ஒரு பொட்டலம். பிரித்தான். மல்லிகைப் பூ. கதையைப் படித்துவிட்டு, அதில் உள்ளபடியே வாங்கி வந்திருந்தான். இவ்வளவு அருவருப்பான ஒன்றை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அடுப்படியிலிருந்து தங்கை வந்தாள். பூவைத் தொடவில்லை. “கதையில எறங்குனாளே, அவளக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்கனதான் இருப்பேன்” என்றாள். குரல் உயரவே இல்லை. அவர்கள் போன பிறகும் அந்தப் பூ அங்கேயே கிடந்தது. அவள் மகள்தான் அதை வாரி ஆட்டுக்குப் போட்டாள்.

அக்கா அந்தச் செயலியை விட்டுவிட்டார். கதையைத் திரும்பப் பெற முடியவில்லை. புனைபெயரும் அவர்களுக்கே சொந்தமாம். உண்மையான முடிவைத் தன் சொந்தப் பெயரிலேயே, சொந்தப் பக்கத்தில் போட்டார். அங்கே சிலர்தான் வருகிறார்கள். அவர்களில் ஓரிருவர் பிடித்ததற்கு நேரடியாகப் பணம் அனுப்புகிறார்கள். எழுதியது எழுதியபடி இருக்கிறதே, அது போதும் என்கிறார் அக்கா. தங்கை இப்போது திராட்சைப் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போகிறாள்.

போன வாரம் அந்தச் செயலியில் இரண்டாம் பாகம் தொடங்கியிருக்கிறது, அக்காவின் பழைய புனைபெயரிலேயே. எழுதுவது யார் என்று தெரியவில்லை. முதல் அத்தியாயத்தில் அவளுக்கு வளைகாப்பு. அவனே வளையல் போட்டுவிடுகிறான். பிறப்பது பையனா, பெண்ணா என்று வாசகர்களை ஓட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் கூட்டமாக வந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.