மேலோடை நண்டு

குழந்தை பிறந்த வீட்டில் மூன்றாம் நாள் நண்டு பிடிக்கும் மணியம்மாளைத் தேடுவார்கள். நண்டை இடித்துப் பிழிந்து, மிளகு தட்டிப்போட்டு வைக்கும் சாறு பெற்றவளுக்குப் பால் ஊற வைக்கும் என்பது ஜவ்வாது மலையில் நம்பிக்கை. ஓடைக்கரை வளையின் வாயில் மண் உருண்டைகள் கிடந்தால் நண்டு, வழவழவென்றிருந்தால் பாம்பு. முப்பது வருஷத்தில் அவள் கை ஒரு தடவைதான் ஏமாந்தது.

போன வருஷம் மகள் மஞ்சுளாவுக்கும் அவள்தான் சாறு வைத்தாள். பழத்தோட்டத்துக்குக் கீழே ஓடையில் பிடித்த நண்டு. கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த கோகிலவாணி அதே இடத்து நண்டையும் மஞ்சுளாவின் பாலையும் சோதித்தாள். இரண்டிலும் ஒரே பூச்சிமருந்து. தடை செய்து பல வருஷமானது. தடை வந்ததும் தோட்டத்தார் மிச்ச மருந்து மூட்டைகளை ஓடைக்கரையில் புதைத்தபோது குழி வெட்டிய கூலிகளில் மணியம்மாளும் ஒருத்தி. சாக்கு மக்கிவிட்டது. மருந்து மக்கவில்லை. சேற்றில் இறங்கி, புழுவில் ஏறி, நண்டின் கொழுப்பில் தங்கிவிட்டது.

"பால நிறுத்தாதீங்கம்மா, குழந்தைக்கு அதான் நல்லது. நண்ட நிறுத்துங்க" என்றாள் கோகிலவாணி.

மணியம்மாள் நிறுத்தினாள். தோட்டத்துக்குக் கீழே பிடிக்கிற நண்டு வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "நண்டுக்காரி டாக்டராயிட்டா" என்று சிரித்தார் தோட்டத்து மேனேஜர் தனசேகரன்.

அதே தனசேகரன் மகளுக்குப் படவேட்டில் பிரசவமானதும் ஜீப் வந்தது. "மேலோடை நண்டாப் பாத்துக் குடுக்கச் சொன்னாரு" என்றான் டிரைவர். தோட்டத்துக்கு மேலே ஏறிப் பிடித்துக் கொடுத்தாள். பெற்றவள் மேல் என்ன கோபம்?

கிராம சபையில் மருந்துப் பேச்சு வந்ததும் தனசேகரன் எழுந்து, ஓடையில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"மேலோடையும் கீழோடையும் ஒண்ணுதானுங்களா சார்?" என்றாள் மணியம்மாள்.

"ஒரே தண்ணிதாம்மா."

"அப்ப உங்க பொண்ணுக்கு மேலோடை நண்டுதான் வேணும்னு இன்னாத்துக்கு ஜீப் அனுப்புனீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அது... வூட்ல பொம்பளைங்க ஆசைப்பட்டாங்க."

"என் வூட்லயும் பொம்பளதான் பெத்தா."

சிரிப்பு நின்றது. "உக்காருக்கா, பேசிக்கலாம்" என்று தலைவர் சக்கரவர்த்தி தீர்மான நோட்டைக் கையெழுத்துக்கு அனுப்பினார். 'ஓடை பற்றி விவாதிக்கப்பட்டது' என்று ஒரே வரி. மணியம்மாள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுக்கா, நேரமாவுது."

"குழிய வெட்டுனவ நான். எடம் காட்றேன். மூட்டையயும் நஞ்சு மண்ணயும் அள்ளி, மலைய வுட்டே கொண்டு போவணும்னு எழுது. வேற ஊரு ஓடையில கொட்டாம, இதுக்குன்னு இருக்கற எடத்துல ஒப்படைக்கணும். அதையும் எழுது."

"மேல கேக்கணும்கா."

"கேளு. நான் இங்கயே இருக்கேன்."

ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் சக்கரவர்த்தி நோட்டை வாங்கிப் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்ததும் மணியம்மாள் அதை வாங்கி மஞ்சுளாவிடம் நீட்டினாள். இடுப்பில் குழந்தையோடு அவள் உரக்கப் படித்தாள்.

"இன்னொருவாட்டி படி" என்றாள் மணியம்மாள். "சாருக்குக் கேக்கல."