காய்ச்சிக் கொடுத்த தண்ணீர்

எங்கள் கிணற்றுத் தண்ணீரை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். சத்தியமங்கலம் போகும் ரோட்டிலிருந்து ஒரு மண் தடம் பிரிகிற இடத்தில் எங்கள் தோட்டம். பக்கத்துத் தோட்டங்களில் போர் தண்ணீர் உப்புக் கரித்து, ஆளாளுக்குக் கேன் வாங்க ஆரம்பித்த பிறகும் நாங்கள் கிணற்றுத் தண்ணீரையே குடித்தோம். வருகிறவர்களுக்குச் சொம்பு நிறைய மொண்டு கொடுத்துவிட்டு, "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்பேன். "எளநியாட்ட இருக்குதுங்க" என்று சொல்லும்வரை விடமாட்டேன். அவ்வளவு திமிர்.

என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால், தாய்வீடு என்றால் அவளுக்கு நானும் என் மனைவியும்தான். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. தாய்ப்பால் பற்றவில்லை என்று டாக்டர் பவுடர் பாலும் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கோயமுத்தூரிலிருந்து குழந்தையைப் பார்க்க வந்தவர், காரில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தார். "பாப்பாவுக்குப் பால் கலக்கறதுக்குங்க மச்சான்" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஏனுங்க மாப்ள, எங்கூட்டுத் தண்ணி உங்க புள்ளைக்கு ஆகாதுங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. தங்கை ஓடிவந்து, "நான் நல்லாக் காய்ச்சித்தானுங்க குடுக்கறேன், அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று இரண்டு பக்கமும் சமாதானம் செய்தாள். கேன்களை நானே தூக்கிக் காரில் திருப்பி வைத்தேன். பெண் எடுத்த வீட்டில் வந்து கேன் இறக்குவதா! அன்று எனக்கு இருந்த நினைப்பு அதுதான்.

வாழைக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறேன். உரத்தைச் சுமந்து திரிகிற வேலை இப்போது இல்லை. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு டிரம்மில் உரத்தைக் கரைத்து ஒரு டியூபைப் போட்டுவிட்டால், குழாயில் ஓடுகிற தண்ணீரே அதை உறிஞ்சிச் செடிக்குக் கொண்டுபோய்விடும். மோட்டார் நின்றால் குழாயில் இருப்பது திரும்பிக் கிணற்றில் இறங்காமல் தடுக்க ஒரு வால்வு உண்டு. அது அடிக்கடி சிக்கிக்கொண்டு உயிரை வாங்கியது. கழற்றி மூலையில் போட்டுவிட்டேன். புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி. எங்கள் பக்கத்தில் அப்படிக் கழற்றிப்போட்டவன் நான் மட்டும் இல்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மாப்பிள்ளை வந்துபோன மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, இரண்டு மூட்டை கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து டியூபைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். போன சற்று நேரத்திலேயே கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் டிரம் காலி. அத்தனையும் செடிக்குப் போயிருக்க நேரமே இல்லை. குழாய்த் தண்ணீர் திரும்பி இறங்கும்போது டிரம்மில் இருந்ததையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். சித்திரை வெயிலில் தண்ணீர் அடியில் கிடந்தது. நிறம் மாறவில்லை, நுரை இல்லை, வாடை இல்லை. கரண்ட் வந்ததும் ஒரு சொம்பு பிடித்துக் குடித்தேன். அதே ருசி.

இத்தனை பெரிய கிணறு, இதைத் தாங்காதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசிய வாயால் எப்படிச் சொல்வது?

தங்கை ஒவ்வொரு வேளையும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பாதியாகச் சுண்டிய பிறகுதான் இறக்குவாள். மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு அது. நான் அடுப்படி வாசலில் நின்று, "இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் அம்மணி" என்பேன். கொதிக்கக் கொதிக்க எனக்கு மனசு லேசானது.

சனிக்கிழமை அவள் குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "அண்ணா, பாப்பா உதடு ஏன் இப்படி இருக்குது?" நாவல் பழம் தின்ற மாதிரி ஒரு நிறம். நகக்கண்ணிலும் அதே நிறம். எனக்கு டிரம் ஞாபகம் வந்தது. வந்ததை அமுக்கினேன். "சளி புடிச்சிருக்கும் கண்ணு. குல்லா போட்டு உடு" என்றேன். பாவி, அந்த வெயிலில் குழந்தைக்குக் குல்லா போடச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை குழந்தை பாலுக்கு அழவில்லை. சாம்பல் பூசியது போல் உடம்பு. மடியில் போட்டுக்கொண்டு தங்கை பின்சீட்டில் உட்கார, நான் கோயமுத்தூருக்குக் காரை விரட்டினேன். காந்திபுரத்தில் டவுன் பஸ்கள் முன்னும் பின்னும் அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. "அண்ணா, மூச்சு இருக்குதாண்ணா, நீயே பாரு" என்று அவள் கதறினாள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்த உடனே கேட்டார்.

"பால் எந்தத் தண்ணியிலங்க கலக்கறீங்க?"

"கிணத்துத் தண்ணிங்க. நல்லாக் காய்ச்சித்தானுங்க குடுக்கறேன்" என்றாள் தங்கை.

"காய்ச்சினா கிருமி சாகுங்க. உர உப்பு எங்க போகும்? தண்ணி சுண்டச் சுண்ட அதுதான் கெட்டியாகும். பெரியவங்க உடம்பு தாங்கிக்கும். இந்த வயசுக் குழந்தைக்கு ரத்தத்துல காத்தே ஏறாதுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களைச் சொல்லிக் குத்தமில்லைங்க. வருசக்கணக்கா உரம் போட்டு எல்லாக் கிணத்துலயும் எறங்கிக் கெடக்குது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஒளிந்துகொள்ள நல்ல இடம் கிடைத்துவிட்டது.

நீல நிறத்தில் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். மத்தியானத்துக்குள் உதட்டில் ரத்தக்களை வந்தது. சாயங்காலம் வீறிட்டு அழுதது. சேதி கேட்டு ஓடிவந்த மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துனீங்க மச்சான்" என்று கண் கலங்கினார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவர் பில் கட்டக் கீழே போன நேரத்தில் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வால்வு, டிரம், கரண்ட், எல்லாம். அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"என்னைக்குண்ணா?"

"போன புதங்கிழமை."

"சனிக்கெழமை ஒதட்டைக் காட்டுனனே. அப்பத் தெரியுமா உனக்கு?"

"தெரியும் அம்மணி."

அவள் அழவில்லை, திட்டவில்லை. என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "இன்னுங் கொதிக்கட்டும்னு பக்கத்துலயே நின்னியேண்ணா" என்றாள்.

மாப்பிள்ளையின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவருகிட்டச் சொல்லிப்போடாத. நானும் சொல்ல மாட்டேன். காது குத்தறப்ப மாமன் மடி வேணும், நீ எங்கூட்டுக்கே வந்துரு. இவ இனி உங்கூட்டுக்கு வரமாட்டா."

நான், "சரி அம்மணி" என்றேன்.